அமெரிக்கக் கம்பெனியின் பாளையம்பட்டி முதலாளி

பெரிய பெரிய அமெரிக்க டெக் கம்பெனிகளை நாட்டுக்கு நாடு கூப்பிட்டு விசாரிக்கிறார்களே, அந்த விசாரணையில் ஏறி நின்று, எதிர்த்தரப்பு வக்கீல் வாயைத் திறக்க முடியாதபடி சாட்சி சொல்லக்கூடிய ஆள் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில், பாளையம்பட்டியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவரை இதுவரை யாரும் கூப்பிடவில்லை. எனக்கே இவ்வளவு ஆத்திரமாக இருக்கிறதென்றால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊருக்குள் அவர் பெயர் முதலாளி. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வேலை மாற்றலாகி அருப்புக்கோட்டைக்கு வந்த எனக்கு, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. விசாரித்த இடத்திலெல்லாம் முதலாளியிடம் போகச் சொன்னார்கள். நன்றாகச் சொல்லித்தருவார், ஆனால் காது கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும் என்றார்கள். போன பிறகுதான் புரிந்தது. கிளட்சை எடுக்கும் முறைக்கு ஒரு கோபம், குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒரு கோபம், ஆட்டை ஓட்டி வந்தவர் சிரித்ததற்குத் தனியாக ஒரு கோபம். அவருடைய பயிற்சி வண்டியோ, ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும் நிலைமையில் இருந்தது. இடதுபக்கக் கதவை வெளியில் நிற்பவர்கள்தான் திறந்துவிட வேண்டும். என்னோடு சேர்ந்து கற்றுக்கொண்டவர் செல்வம் என்ற வத்தல் வியாபாரி. ஒரு கண்ணை ரோட்டிலும் ஒரு கண்ணை செல்போனில் ஓடும் பங்கு விலையிலும் வைத்து ஓட்டுவார்.

முதலாளிக்கு அந்தப் பட்டம் கிடைத்த கதை இது. விருதுநகரில் ஒரு வங்கி அதிகாரி, அமெரிக்காவின் பெரிய டெக் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கும் ஒரு மியூச்சுவல் ஃபண்டை அவர் தலையில் கட்டியிருக்கிறார். புது வண்டி வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அதில் போனது. “இனிமே அந்தக் கம்பெனிக்கெல்லாம் நீங்களும் ஒரு முதலாளிதான் சார்” என்று அதிகாரி பேச்சுக்குச் சொல்லி வைத்தார். அவர் விளக்கிய மற்றதெல்லாம் பஸ் பாலவனத்தம் தாண்டுவதற்குள் மறந்துவிட்டது. முதலாளி என்ற சொல் மட்டும் மனசில் நின்றுவிட்டது.

இப்படி முதலாளியானவருக்கு ஒரு பெரிய அவமானம் காத்திருந்தது. அவர் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளில் ஒன்றுதான் எல்லோர் செல்போனிலும் வழி காட்டும் மேப்பை நடத்துகிறது. அந்த மேப், பாளையம்பட்டி மெயின் ரோட்டில் இருக்கும் டிரைவிங் ஸ்கூலைத் தூக்கிக்கொண்டு போய், பாலவனத்தம் பக்கம் ஒரு கண்மாய்க்குள், சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில் போட்டிருந்தது. மேப்பை நம்பிக் கண்மாய் வரைக்கும் போன யாரோ ஒரு புண்ணியவான், ஸ்கூலுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, ‘தண்ணீர் இல்லை, மீனும் இல்லை’ என்று எழுதியிருந்தார்.

முதலாளி புகார் எழுத ஆரம்பித்தார். தமிழில் எழுதினார். என்னை உட்காரவைத்து இங்கிலீஷில் எழுதச் சொன்னார். ஒவ்வொரு புகாரும் ‘உங்கள் முதலாளிகளில் ஒருவன் எழுதிக்கொள்வது’ என்றுதான் தொடங்கும். அனுப்பிய மறு நிமிஷமே, ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்று பதில் வரும். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. முக்கியம் என்றால் ஒரு ஆளையாவது அனுப்பிப் பார்க்க வேண்டாமா என்று அவர் என்னிடம் சத்தம் போடுவார். என்னவோ அந்தக் கம்பெனி என் தாய்மாமன் நடத்துவது போல.

இதற்கிடையில் அந்த ஃபண்டு ஏறிக்கொண்டே போனது. ஏற்றம் நீடிக்குமா என்று பத்திரிகைகள் தினமும் கேட்டன. நீடிக்கும் என்று ஒரு நிபுணர் ஒரு பக்கத்திலும், நீடிக்காது என்று இன்னொரு நிபுணர் அதே பக்கத்தின் அடியிலும் எழுதினார்கள். எங்கள் காருக்குள்ளும் இதே பேச்சுத்தான். இன்னும் ஏறும், இருப்பதை எல்லாம் போடலாம் என்பார் செல்வம். முதலாளியின் மனைவி மகேஸ்வரி வேறு கட்சி. ஸ்கூலின் ஆபீஸ், வரவு செலவு, லைசென்ஸ் விண்ணப்பம் எல்லாம் அவர் பொறுப்பு. பழைய வண்டிக்கு எஃப்சி, அதாவது வண்டி ரோட்டில் ஓடலாம் என்று ஆர்டிஓ ஆபீஸில் தரும் சான்றிதழ், வாங்கவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போன தடவையே, அடுத்த முறை இந்த வண்டியை என் கண்ணில் காட்டக் கூடாது என்று அந்த ஆபீஸ் அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தாராம். எஃப்சி கிடைக்காவிட்டால் ஸ்கூலை மூட வேண்டியதுதான். ஏறியிருக்கும்போதே விற்றுப் புது வண்டி எடுப்போம் என்று மகேஸ்வரி தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

முதலாளி மசியவில்லை. எங்கள் முன்னாலேயே சொன்னார்:

“நான் வித்துட்டா அப்புறம் யாரு? ரோட்டுல போறவன். ரோட்டுல போறவன் சொன்னா கம்பெனிக்காரன் கேப்பானா? மேப்புல என் கடையைச் சரியான எடத்துல வைக்கிற வரைக்கும் நான் முதலாளியாத்தான் இருப்பேன்.”

“நல்லா இருங்க” என்றார் மகேஸ்வரி. “எஃப்சிக்குப் போறப்ப, வண்டி இல்ல சார், கோவம் மட்டுந்தான் இருக்குன்னு அந்த ஆபீஸர்கிட்டச் சொல்லுங்க.”

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பெரிய டெக் கம்பெனிகள் போட்டிக்கு ஆள் இல்லாமல் ஆக்கிவிட்டன என்று அமெரிக்காவில் அரசாங்கமே விசாரணையை இறுக்குகிறதாம். ஃபண்டு மளமளவென்று இறங்கியது. செல்வம் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் பின்சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். முதலாளி காராச்சேவு வாங்கி வந்து எங்களுக்குக் கொடுத்தார். தன் புகார் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அவர் நம்பிக்கை.

இது மேப் பற்றிய விசாரணை இல்லை, ஏகபோகம் பற்றியது என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“அதத்தானம்மா நானும் சொல்றேன். வேற கடை இருந்தா அவன் இப்பிடி இருப்பானா? என் காசு இறங்குனா இறங்கட்டும். அவனைக் கேக்க ஒரு ஆளு வந்துருச்சுல்ல.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பங்குச்சந்தைக்கு நியாயம் தெரியாது. சில நாளில் ஃபண்டு மறுபடி எழுந்து, பழைய உயரத்தையும் தாண்டிப் போனது. செல்வம் முன்சீட்டுக்கு வந்துவிட்டார். முதலாளி கொதித்துப் போனார். விசாரணைக்குக் கூப்பிடப்பட்டவனுக்கு விலை ஏறுகிறதென்றால் இது என்ன ஊர், என்ன நாடு, என்ன கணக்கு என்று திருச்சுழி ரோட்டில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி நின்று திட்டினார். தன் பணம் ஏறியதற்காக இவ்வளவு வருத்தப்பட்ட மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்து மழை பெய்தது. எங்கள் பக்கம் மழை பெய்வதே செய்தி. அந்த ஈரத்தில், திருச்சுழியிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதற்காக ஸ்கூட்டரில் புறப்பட்டு, மேப் காட்டிய வழியில் அருப்புக்கோட்டையைத் தாண்டிப் போய், கண்மாய்க் கரையில் கரிசல் சகதிக்குள் மாட்டிக்கொண்டார்கள். அங்கிருந்து ஸ்கூல் நம்பருக்குப் போன் வந்தது. முதலாளி, செல்வம், நான் மூன்று பேரும் ஓடினோம். சக்கரம் பாதி புதைந்திருந்த ஸ்கூட்டரைக் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுப்பதற்குள் எல்லோருக்கும் முழங்கால் வரை கறுப்பு. மூத்தவள் முதலாளியைப் பார்த்துக் கேட்டாள்:

“நீங்கதான் ஓனரா? எடத்தைக்கூடச் சரியாப் போட மாட்டீகளா?”

அவர் குனிந்து கயிற்றைச் சுருட்டினார். திரும்பி வரும்போது நான் கியரை நொறுக்கியதற்குக்கூட அவருக்கு ஒரு கோபமும் வரவில்லை.

மறுநாளே பெயிண்டரைப் பிடித்து ஒரு போர்டு எழுதி, கண்மாய்க் கரையில் நட்டுவிட்டு வந்தார். ‘டிரைவிங் ஸ்கூல் இங்கே இல்லை. பாளையம்பட்டிக்கு வரவும்.’ பெயிண்டர் கலை உணர்ச்சி உள்ளவர். ‘டிரைவிங் ஸ்கூல்’ என்பதைச் சிவப்பில் ஆள் உயரத்துக்கு எழுதி, மிச்சத்தை இடம் இருந்த அளவுக்கு எழுதியிருந்தார். வழியில் போன யாரோ அந்தப் போர்டைப் போட்டோ எடுத்து மேப்பில் ஏற்றிவிட்டார்கள். அத்தனை புகாருக்கும் அசையாத கம்பெனி அதற்கு அசைந்தது. முதலாளியின் செல்போனுக்குச் செய்தி வந்தது: ‘கண்மாய்க் கரையில் உள்ள உங்கள் இடம் புகைப்பட ஆதாரத்துடன் உறுதி செய்யப்பட்டது. நன்றி.’

அவர் படித்துவிட்டுச் செல்போனை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நிதானமாக மகேஸ்வரி பக்கம் திரும்பினார்.

“இந்தா, எல்லாத்தையும் வித்துரு. இப்பிடி ஒரு வேலைக்காரனை வச்சிருக்கது எனக்குக் கேவலம். இன்னையிலருந்து நான் அவனுக்கு முதலாளி இல்ல.”

மகேஸ்வரி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயந்து, நின்ற இடத்திலேயே செல்போனில் விற்று முடித்தார்.

பணம் வங்கிக்கு வந்து சேர்ந்ததும் சேராததுமாக, விசாரணை பற்றி இன்னொரு செய்தி வந்து, அந்தக் கம்பெனிகள் எல்லாம் தலைகுப்புற விழுந்தன. அவ்வளவுதான், பாளையம்பட்டியில் ஒரு ஞானி பிறந்துவிட்டார். அண்ணாச்சிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று செல்வம் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு கார் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். இந்த இறக்கம் எதுவரை, மறுபடி எப்போது உள்ளே போகலாம் என்று பயபக்தியோடு கேட்டார்கள்.

“யோவ், நான் கோவத்துல வித்தேன்யா. வேற ஒரு மண்ணும் எனக்குத் தெரியாது” என்றார் முதலாளி.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பணிவாகக் கேட்டார்: “அடுத்த கோவம் எப்பண்ணே வரும்?”

அது அப்போதே வந்தது. வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வம், இதுதான் சைகை என்று நினைத்துத் தன்னுடையதை எல்லாம் விற்றுவிட்டார்.

பிறகு என்ன, சந்தை மறுபடி ஏறியது. நிற்காமல் ஏறியது. விற்றவர்கள் எல்லாம், பாளையம்பட்டிக்காரன் பேச்சைக் கேட்டுக் கெட்டோம் என்றார்கள். செல்வம் பாதியில் நின்றுவிட்டு வேறு ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். ரோட்டில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளிக்குத் தன் பணம் ஏறாமல் போனதில் ஒரு வருத்தமும் இல்லை. சொல்லாத வார்த்தைக்குப் பழி வந்ததுதான் அவரை அரித்தது. நான் யாருக்கு என்ன சொன்னேன் என்று வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டே இருப்பார்.

எனக்கும் வயிறு எரிந்தது. ஏற்றம் நீடிக்குமா என்று கோட்டுப் போட்டவர்கள் டிவியில் உட்கார்ந்து தப்புத் தப்பாகச் சொன்னார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. தெரியாது என்று உண்மையைச் சொன்ன ஒரே ஆளை ஊரே திட்டியது. கண்மாய்க்குள் கடையை வைத்த கம்பெனிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கடை இன்றைக்கும் மேப்பில் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் எஃப்சி நாளுக்கு முன்னாலேயே புது வண்டி வந்துவிட்டது. மகேஸ்வரி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அதில் முதலில் ஏறிக் கற்றுக்கொண்டவர்கள் அந்தத் திருச்சுழி அக்காவும் தங்கையும்தான். மூத்தவளுக்கு முதலாளியைவிட வாய் பெரிது. அவளிடம் மட்டும் அவர் மெதுவாகப் பேசுவார்.

நான் லைசென்ஸ் எடுத்து, செகண்ட்ஹேண்டில் ஒரு கார் வாங்கி, முதன்முதலாக மதுரைக்கு ஓட்டிப் போவதாகச் சொன்னேன். முதலாளி தனக்கும் மதுரையில் வேலை இருப்பதாகச் சொல்லி, கேட்காமலே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். ஒரு வேலையும் இல்லை என்பது மகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஊர் எல்லை தாண்டும் வரை எதிரே வந்த லாரிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டு வந்தார். காரியாபட்டி நெருங்கும்போது பேச்சு நின்றது. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ரோட்டில் இருந்த ஒவ்வொரு குழியையும் பார்த்துப் பார்த்து ஏறி இறங்கினேன். மதுரை வந்த பிறகும் எழுப்ப மனம் வரவில்லை. ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவராக விழிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.