வண்டி மேல மூணு கம்பி

உலகத்துல ஈ இருக்கு, கொசு இருக்கு, அப்புறம் ஆன்டெனாக்காரரு இருக்காரு. ஈ பலகாரத்தத் தேடி வரும், கொசு ரத்தத்தத் தேடி வரும், இவரு லாரிக்கு லாரி பேசிக்கிறதுக்கு நீங்க புதுசா வாங்கின ரேடியோப் பொட்டியத் தேடி வருவாரு. கான்சாஸ் கோதுமக் காட்டு நடுவுல, முப்பது மைலுக்கு ஒரு மரம்கூட இல்லாத எடத்துல லாரிய நிறுத்தி, யாரும் பாக்கலன்னு நெனச்சு அட்டப்பொட்டிய லேசாக் கிழிச்சுப் பாருங்க. கிழிச்ச சத்தம் அடங்குறதுக்குள்ள முதுகுக்குப் பின்னாடி ஒரு செருமல் கேக்கும்.

"அத அங்கயா வெக்கப்போற?"

நீங்க எங்க வெச்சாலும் இதே கேள்விதான். பக்கக் கண்ணாடியில வெச்சா "கண்ணாடியிலயா?" பம்பர்ல வெச்சா "பம்பர்லயா?" சொர்க்கத்துலயே கொண்டுபோயி நட்டாலும் "தேவதைங்க றெக்க இடிக்குமே"ம்பாரு.

எங்க ஊரு டீசல் பங்க்ல இந்த இனத்துக்கே தலைவரு வெர்லின். அவருக்கு அறுவது வயசு, அவரு தொப்பிக்கு எழுவது. காரு மேல மூணு ஆன்டெனா வெச்சிருந்தாரு. கூரையில ஒண்ணு, டிக்கியில ஒண்ணு, பின்னாடி பம்பர்ல ஒண்ணு. பம்பர்ல நின்னது ஒம்போதடிக் கம்பி. காத்தடிச்சா அது வளையுற வளைவுல பக்கத்துப் பண்ணை மாட்டுக்கு முதுகு சொறிஞ்சுவிட்டுட்டு வரும். ரேடியோவுல எல்லாருக்கும் ஒரு பட்டப்பேரு உண்டு, சொந்தப் பேரச் சொன்னா அவன் போலீசு, இல்லாட்டி புது ஆளு. வெர்லின் தனக்கு வெச்சுக்கிட்ட பேரு 'இடிமுழக்கம்'. இந்த இடிய ரேடியோவுல யாராச்சும் கேட்டிருக்கீங்களான்னு ஒருத்தரும் விசாரிச்சதில்ல. நேர்ல கேட்டே எல்லாருக்கும் காது போயிருச்சு.

எழுவத்தேழு ஜூன் மாசம் அது. நாடே ரேடியோப் பைத்தியம் புடிச்சுத் திரிஞ்ச நேரம், பொணம் தூக்குற வண்டியிலகூட ஆன்டெனா ஆடும். அப்பத்தான் ஆர்டிஸ் ஒரு பழைய தானிய லாரியோட வந்து சேந்தா. புருசன விட்டுப் பிரியும்போது ரெண்டுல எது ஒழுங்கா ஓடும்னு பாத்து லாரிய எடுத்துக்கிட்டவ. டென்னியோட அறுவடைக் குழுவுல அவளுக்கு ஒரு எடம் கெடச்சிருந்துச்சு. இங்க தொடங்கி கனடா எல்லை வரைக்கும், செப்டம்பர் வரைக்கும் வேலை. டென்னி ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டாரு.

"போன வருசம் ரேடியோ இல்லாத ஒருத்தன் நாலு மணி நேரம் தப்பான காட்டுல போயி நின்னான். இங்க என் கோதும பூரா மழையில நனைஞ்சு நாறிருச்சு. ஞாயித்துக்கெழம பொழுது சாயுறதுக்குள்ள உன் கொரலு என் ரேடியோவுல கேக்கணும் ஆர்டிஸ். கேக்கலன்னா உன் எடத்துக்கு வேற லாரி."

சனிக்கெழம அவ ரேடியோ வாங்கக் கடைக்குள்ள காலு வெச்சா. வெர்லின் அங்க ஏற்கனவே நின்னுக்கிட்டு இருந்தாரு. எப்படி வந்தாருன்னு கேக்காதீங்க. எறும்புக்குச் சக்கரை இருக்குற எடத்த யாரு சொன்னா?

"இருவத்திமூணு சேனலா? ச்சே ச்சே. அது போன வருசத்து மாடலு தாயி. நாப்பது சேனல் வாங்கு."

"நான் பேசப்போறது ஒரே ஒரு மொதலாளிகிட்டதானேண்ணே?"

"மிச்சம் முப்பத்தொம்போதுல அவரத் திட்டிக்கலாம்ல!"

வாங்கினா. அப்புறம் ரேடியோவயும் ஆன்டெனாவயும் சேக்குற கேபிள். கடைக்காரரு ஒம்போதடி வெட்டப் போனாரு, வெர்லின் பாஞ்சுபோயி கத்தரியப் புடிச்சுக்கிட்டாரு. பதினெட்டு அடிதான் கேபிளு, அது கடவுள் போட்ட கணக்கு, ஒரு அடி கொறைஞ்சாலும் பேசுறவனுக்குத் திக்குவாய் வந்துரும்னாரு. ஆர்டிஸ் பதினெட்டடிக்கே காசக் குடுத்தா. வண்டி மேல மூணு கம்பி வெச்சவரு சொல்றாரு, ஒரு கம்பிக்கே வழியில்லாத நாம என்னத்தப் பேசுறதுன்னு நெனச்சா. நீங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

ஞாயித்துக்கெழம மதியம் பங்க்ல லாரிய நிறுத்தினா. "அண்ணே, பொட்டியோட வந்த காயிதத்துல கூரைக்கு நடுவுல ஓட்ட போட்டு ஆன்டெனாவச் சொருகச் சொல்லி எழுதிருக்கு."

"கூரையில ஓட்டையா!" வெர்லின் நெஞ்சப் புடிச்சாரு. "மழ ஒழுகும், இடி எறங்கும், லாரி வெல பாதியாப் போயிரும். பொட்டியோட வர்ற காயிதமெல்லாம் அந்தப் பொட்டிய அடுக்குறவன் எழுதுறது தாயி. கண்ணாடியில மாட்டு."

மாட்டினா. ஆன்டெனா சரியா நிக்குதான்னு காட்டுற மீட்டர வெச்சு மைக் பட்டன அமுக்கினா. முள்ளு ஒரே ஓட்டமா ஓடி செவப்புல போயி நின்னுச்சு. செவப்புன்னா நீங்க பேசுற பேச்சு வெளிய போகாம திரும்பி வந்து ரேடியோவயே பொசுக்கும்னு அர்த்தம். பம்பருக்கு மாத்துன்னாரு, செவப்பு. வலது கண்ணாடிக்கு மாத்துன்னாரு, செவப்பு. லாரிய வடக்கப் பாத்துத் திருப்புன்னாரு. திருப்பினா. செவப்புதான். பதினெட்டடிக் கேபிள்ல ஒம்போதடி வேலையில்லாம மிஞ்சி, அவ மடியில மலைப்பாம்பாட்டம் சுருண்டு கெடந்துச்சு.

பங்க் ஓட்டல்ல பரிமாறுற லவோன் காப்பியோட வெளிய வந்தா. "ஏன்டி, இன்னுமா இந்தாளு பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்க? மூணு வருசத்துக்கு முந்தி எங்க கடை ஃபேன மாட்டித் தர்றேன்னு வந்தாரு. இன்னிக்கு வரைக்கும் அது தரையிலதான் சுத்துது."

"தரையில சுத்துனாத்தான் காலுக்குக் காத்து வரும்"னாரு வெர்லின்.

பொழுது கோதுமக் கதிரு ஒசரத்துக்கு எறங்கிருச்சு. ஆர்டிசுக்குச் செப்டம்பர் வரைக்கும் இருந்த சோறு இன்னும் அர மணி நேரத்துல மேக்கால மறையப் போகுது. சட்டுனு நிமிந்தா.

"அண்ணே, உங்க காரு ரேடியோவுல டென்னிகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லிக்கிறேன். காலையில வரைக்கும் தவணை கேப்போம்."

வெர்லின் மொகம் வெள்ளரிக்கா மாதிரி வெளுத்துருச்சு. "அது... சூடு ஆறணும் தாயி."

"காலையிலேருந்து நெழல்லதானே நிக்குது?"

"நெழலோட சூடு."

அவ கதவத் தெறந்துட்டா. மூணு ஆன்டெனாவுலேருந்தும் மூணு கேபிளு ராஜ ஊர்வலமா உள்ள வந்து, டேஷ்போர்டுக்கு அடியில நொழைஞ்சு, சீட்டுக்குக் கீழ போயி, ஒரு ஷூ கயித்தால சீட்டுக் காலோட சேத்து முடிச்சுப் போட்டுக் கெடந்துச்சு. ரேடியோ இருக்க வேண்டிய எடத்துல பாதி தின்ன செர்ரிப் பழப் பலகாரம், தட்டோட.

லவோன் எட்டிப் பாத்தா. "ஐயய்யோ! இது எங்க கடைத் தட்டு!"

"ரேடியோ எங்கண்ணே?"ன்னா ஆர்டிஸ்.

"வித்துட்டேன்." வெர்லின் தொப்பியக் கழட்டினாரு. தலையில முடி இருக்குற விசயமே அன்னிக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது. "வாங்கின ஒரே வாரத்துல வித்துட்டேன் தாயி. அந்தச் சனியன்ல பட்டன விட்டாத்தான் எதிராளி பேசுறது கேக்கும். நம்ம பேசி முடிச்சதும் அவன் பேசுவானாம், நம்ம கேட்டுக்கிட்டு இருக்கணுமாம். அது எனக்கு ஒத்து வரல."

ஆர்டிஸ் நேரா பங்க் ஒர்க்ஷாப்புக்குள்ள போயி ட்ரில்ல எடுத்துட்டு வந்தா, லாரி மேல ஏறினா, கூரை நடுவுல ஒரே ஓட்ட. ஆன்டெனாவச் சொருகி, ஒம்போதடி கேபிள வெட்டி எறிஞ்சிட்டு, மிச்சத்தப் பூட்டினா. வெர்லின் ஒரு நிமிசம் முழுசா வாயத் தெறக்காம நின்னாரு. கல்யாணத்துல மோதிரம் மாத்தும்போதுகூட பேசிக்கிட்டே இருந்த மனுசன் அவரு. டீசல் போட வந்தவங்க டீசல மறந்துட்டு அவரயே பாத்தாங்க.

பட்டன அமுக்கினா. முள்ளு ஆடுச்சு, அசைஞ்சுச்சு, செவப்புப் பக்கமே போகாம நல்ல புள்ளையாட்டம் ஓரத்துல போயி ஒக்காந்துருச்சு.

"டென்னி, டென்னி, ஆர்டிஸ் பேசுறேன். கேக்குதா?"

கொர்ருனு ஒரு எரைச்சல். சூரியன்ல ஒரு கீத்து மட்டும் பாக்கி.

"கணீர்னு கேக்குது ஆர்டிஸ். காலையில அஞ்சு மணிக்கு வந்து சேரு."

லவோன் விசிலடிச்சா. ஆர்டிஸ் கண்ணத் தொடச்சுக்கிட்டா, கூரைத் துரு விழுந்துருச்சாம். அப்ப ரேடியோ மறுபடியும் கொரகொரன்னுச்சு.

"ஆமா, ஆன்டெனாவ எங்க மாட்டின?"

"கூரை நடுவுல."

"கூரையிலயா? கண்ணாடியில மாட்டிருக்கலாமே!"

"நான் அப்பவே சொன்னேன்ல!"னு வெர்லின் தொப்பியத் திரும்ப மாட்டிக்கிட்டாரு.

கத இதோட முடிஞ்சிருந்தா நல்லாருக்கும். ஆகஸ்டுல குழு தெற்கு டகோட்டாவுக்குப் போச்சு. அங்க ஒரு தாடிக்காரன் லாரியில ஏறி ஒக்காந்து, புது ரேடியோப் பொட்டியப் பிரிச்சுக்கிட்டு இருந்தான். ஆர்டிஸ் அவன் பக்கமே போகக்கூடாதுன்னுதான் நெனச்சா. சத்தியமா நெனச்சா. காலு கேக்கல. பக்கத்துல போயி நின்னு, தொண்டையச் செருமிக்கிட்டு, "அத அங்கயா வெக்கப்போற?"ன்னா.

நீங்க சிரிக்காதீங்க. அவ கண்ணாடிக்கும் பம்பருக்கும் அலைஞ்சப்போ, "அட, காயிதத்துல எழுதிருக்குற மாதிரி கூரை நடுவுல வெச்சுத் தொலைய வேண்டியதுதானே"ன்னு மனசுக்குள்ள கத்துனது யாரு? வாழ்க்கையில நீங்க எத்தன ஆன்டெனா மாட்டிருக்கீங்க? ஒண்ணுமே இல்லைல்ல? எதுக்கும் உங்க வண்டி சீட்டுக்கு அடியில ஒரு தடவ குனிஞ்சு பாத்துருங்க. ஷூ கயிறு கெடந்தாலும் கெடக்கும்.