சம்பந்தியின் காருக்கு நான் பார்த்த வைத்தியம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, என் மகன், உங்கள் மகள் எல்லோரும் சௌக்கியம். அங்கே பெரிய மகள் வீட்டில் நீங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வரிசைப்படி அடுத்து உங்கள் காரின் சௌக்கியத்தை எழுத வேண்டும். அங்கேதான் பேனா நகர மாட்டேன் என்கிறது.

குளிர்காலம் முடியும்வரை ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். போன வாரம் ஒருநாள் காலையில் ஹீட்டரைப் போட்டதும் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் பிசுபிசுப்பு, மூக்கில் ஒரு தித்திப்பு வாசனை, பக்கத்து இருக்கையின் கீழே கார்பெட் சொதசொதவென்று ஈரம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பொழுதுபோக இது போதாதா? உட்கார்ந்து வீடியோக்களாகப் பார்த்தேன். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவத்தின் சூட்டை வாங்கி வண்டிக்குள் வெதுவெதுப்பு தருகிற குட்டி ரேடியேட்டர் ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறதாம், பெயர் ஹீட்டர் கோர். அது ஒழுகினால் அச்சு அசலாக இதே அறிகுறிகளாம். மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "கூலன்ட் அளவு குறைஞ்சிருக்கா சார்?" என்றார். போய்ப் பார்த்தேன், குறையவில்லை. "அப்போ அவசரப்படாதீங்க. திங்கக்கிழமை கொண்டாங்க, பிரஷர் வெச்சுப் பாத்துடலாம்" என்றார். நான் கேட்டேனா?

இனி எழுதப்போவதுதான் வெட்கக்கேடு. அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும், "சம்பந்தி வாங்கின நாள்லேர்ந்து கூலன்ட்டை மாத்தியே இருக்க மாட்டார், அதான் உள்ள துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கு. வெளியில பளபளன்னு துடைச்சா போதுமா?" என்று சொல்லிவிட்டேன். உங்கள் மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். "அப்பா, உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்றான் என் மகன். அதற்குப் பிறகாவது வாயைக் கட்டியதோடு கையையும் கட்டியிருக்கலாம். ரோஷம் விட்டால்தானே! சொன்னதை நிரூபிக்க வேண்டாமா?

மறுநாள் ஷெட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டைப் பிரித்தேன். கழற்றிய ஸ்க்ரூவையெல்லாம் ஒழுங்காக ஒரு கிண்ணத்தில் போட்டு, பிறகு அந்தக் கிண்ணத்தைக் காலால் தட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்தீர்கள். "வண்டி எப்படி ஓடுது சம்பந்தி?" என்றீர்கள். உங்கள் வண்டியின் ஸ்பீடோமீட்டர் என் மடியில் இருந்தது. "பட்டு மாதிரி ஓடுது சம்பந்தி" என்றேன். அந்தப் பொய் சொன்ன படபடப்பிலோ என்னவோ, கழல மாட்டேன் என்ற குழாயை வெறி வந்தவன் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தேன். ஹீட்டர் கோரின் மூக்கு முறிந்து கையோடு வந்துவிட்டது. பச்சைப்பசேலென்று கூலன்ட், என் மேலே, இருக்கை மேலே, எங்கே பார்த்தாலும்.

நான் போட்ட கூச்சலில் என் மனைவி துணியோடு ஓடிவந்தாள். இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துடைத்தவள் ஒரு பாட்டிலை வெளியே எடுத்தாள். துணி அலசும்போது வாசனைக்கு ஊற்றுவோமே, அந்தத் திரவம். மூடி கழன்றிருந்தது, முக்கால் பாட்டில் காலி.

"ஏங்க, நான் இதை வாங்கிட்டு வரச் சொல்லவே இல்லைன்னு சாதிச்சீங்களே?"

சாதித்தேன். வாங்கியதையே மறந்துவிட்டிருந்தேன். கடையிலிருந்து வரும்போது பையிலிருந்து உருண்டது எனக்கு எப்படித் தெரியும்? தித்திப்பு, பிசுபிசுப்பு, ஈரம், ஹீட்டர் சூட்டில் கண்ணாடிக்கு ஏறிய ஆவி எல்லாமே அதனுடைய கைங்கரியம். ஹீட்டர் கோர் பாவம், நான் தொடும்வரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

மெக்கானிக் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "யார் சார் கை வெச்சது?" என்றார். "தெரியலையே" என்றேன், முழங்கை வரை பச்சையாக நின்றுகொண்டு.

புது ஹீட்டர் கோர் போட்டாகிவிட்டது. வண்டி ஓடுகிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் மட்டும் உள்விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகிறது, அதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்களைப் பற்றிச் சொன்ன சொல்லை எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோவது? உங்கள் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா, விடுங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். இன்றுவரை பார்க்கவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. பெரிய மனது பண்ணி என்னை மன்னித்து, அவளிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரம். பேரக்குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

தலை நிமிராமல்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் உங்கள் மகள் வந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிசிரி என்று சிரித்தாள். அன்று தட்டோடு எழுந்து போனவள் உங்களுக்குத்தான் போன் போட்டாளாம். நீங்களும், "அவர் சொன்னது நெசந்தாம்மா. நான் ஒரு தடவைகூட மாத்தினதில்ல. அவர்கிட்ட மட்டும் சொல்லித் தொலைச்சிடாதே" என்றீர்களாம். பழைய கோரின் அடியில் துரு சேறு மாதிரி படிந்திருந்ததாக மெக்கானிக்கும் அவளிடம் சொன்னாராம். அவள் என் முகத்தைப் பார்க்காதது கோபத்தால் அல்ல, உங்களை நினைத்துக் கூச்சத்தால். ஆகவே மேலே கேட்டிருக்கும் மன்னிப்பில் வண்டியைப் பிரித்ததற்கு உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைத் திருப்பி அனுப்பிவிடவும். உங்கள் தரப்பு மன்னிப்புக் கடிதத்தை எதிர்பார்க்கிறேன். சுருக்கமாக இருந்தால் போதும்.