கட்டைவிரலும் கிரீன் கார்டும்

சும்மா இருக்கத் தெரியாதவன் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வியாதியாகச் சொல்கிறேன். லிஃப்ட் பொத்தானை மூன்று தடவை அமுக்குவேன். ஆறுகிற புண்ணை ஆறிவிட்டதா என்று சுரண்டிப் பார்ப்பேன். அமெரிக்காவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய பிறகும் இது தீரவில்லை. இந்த வியாதி உச்சத்துக்குப் போனது தொண்ணூற்றெட்டில், ஒரு பாலைவனத்தில், ஒரு பாறைக்கு முன்னால்.

அப்போது நானும் என் மனைவி சுமதியும் கலிபோர்னியாவில், பிளசன்டன் என்ற ஊரில் ஒரு சின்ன அபார்ட்மெண்டில் இருந்தோம். ஆறு வருஷ விசாவில் நாலு வருஷம் போயிருந்தது. மிச்சத்துக்குள் கிரீன் கார்டு வேலை நகராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வக்கீல் தயார் செய்த ஒரு காகிதத்தில் என் மேனேஜர் கிரெக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு கையெழுத்து. அந்தக் காகிதம் ஏழு வாரமாக அவர் மேஜையில், பேப்பர் வெயிட்டாக அவர் வைத்திருந்த ஒரு துருப்பிடித்த நட்டுக்கு அடியில் கிடந்தது. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் தினமும் எட்டுத் தடவை அதை எட்டிப் பார்ப்பேன். (அவ்வளவு தண்ணீர் குடித்தவன் போக வேண்டிய இன்னோர் இடமும் அவர் அறையைத் தாண்டித்தான் இருந்தது. ஆக, பதினாறு தடவை.)

கிரெக் தங்கமான மனிதர். ஆனால் அவர் உயிர் முழுக்க அவருடைய ஜீப்பில் இருந்தது. அதைத் தரையிலிருந்து இரண்டு சாண் உயர்த்தி, டிராக்டர் டயர் மாதிரி டயர் மாட்டி, கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி வைத்திருந்தார். மாதம் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்ப் பாறைமேல் ஏற்றி இறக்குவார். (எங்கள் ஊரில் ரோடு இல்லை என்று மறியல் செய்வார்கள். இங்கே லீவு போட்டுவிட்டு ரோடு இல்லாத இடம் தேடிப் போகிறார்கள்.) ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, "இந்த வாரம் யாராவது கூட வருகிறீர்களா?" என்று கேட்டார். எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சுமதி தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு சைக்கிளே நேரா ஓட்டத் தெரியாது. அங்க போயி என்ன பண்ணப் போறீங்க?"

"ரெண்டு நாள் கூடவே இருந்தா, அவருக்கு நம்ம பேப்பர் ஞாபகம் வருமில்ல?"

"ஆபீஸ்லயே வாயத் தொறந்து கேட்டாப் போதாதுங்களா? இல்லாட்டி சும்மா இருங்க, அவரே போடுவாரு."

கேட்கலாம்தான். மேலதிகாரியிடம் நேராகக் கேட்டுப் பழக்கமில்லாத பரம்பரை எங்களுடையது. சும்மா இருப்பதற்கோ, மேலே சொன்ன வியாதி.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஏழு மணி நேரப் பயணம். பின்னால் இன்னொரு ஜீப்பில் கிரெக்கின் சிநேகிதர் டேவ். நானும் மணிக்கு ஒருதரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு "கிரெக்..." என்பேன். "என்ன?" என்பார். "மலை நல்லா இருக்கு" என்பேன். நாலாவது தடவை மலையே இல்லை. வெறும் பொட்டல். அப்போதும் அதையேதான் சொன்னேன்.

ரோடு முடிந்து கல் தொடங்கியது. ஆட்டுரல் ஆட்டுரலாகக் கல். ஓர் இடத்தில் வழி குறுகி, இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் ஆள் உயரப் பாறை. நடுவில் நேராக ஏறினால் போய்விடலாம். ஆனால் ஜீப்பின் மூக்கு உயரமாக இருந்ததால் டயருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. யாராவது இறங்கி எதிரில் நின்று வழி சொல்ல வேண்டும். வழக்கமாக டேவ் செய்கிற வேலை. அவர் பின்னால், கல்லில் பிடிப்புக் கிடைப்பதற்காகத் தன் டயரில் காற்று இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் காத்திருந்தால் வந்திருப்பார்.

"நான் சொல்றேன்" என்று குதித்துவிட்டேன்.

"உனக்கு இது தெரியுமா?" என்றார் கிரெக்.

"நான் நாமக்கல்காரன். எங்க ஊரே லாரி ஊர்" என்றேன். (பொய்யில்லை. ஆனால் எனக்கும் லாரிக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அதன் ஹாரன் சத்தத்தில் தூங்கி வளர்ந்தது.)

எதிரில் போய்க் காலை அகட்டி நின்றேன். அந்த நிமிஷம் எனக்குள் எங்கள் ஊர் பஸ் கண்டக்டர்கள், லாரி கிளீனர்கள் அத்தனை பேரும் வந்து இறங்கினார்கள். இரண்டு கையையும் ஆட்டி, அடிவயிற்றிலிருந்து கூவினேன்.

"ரைட்... ரை...ட்!"

வண்டியை எடு, போலாம் என்று அர்த்தம். தமிழ்நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். கலிபோர்னியாவில் பிறந்த கிரெக் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ரைட்?" என்று சந்தேகமாகக் கேட்டார். பாறை இருக்கிற பக்கமாகவா திருப்பச் சொல்கிறான் என்ற சந்தேகம். எனக்கோ, நேராக வர இந்த ஆளுக்கு என்ன தயக்கம் என்று எரிச்சல்.

"ரைட், ரைட்" என்றேன் உறுதியாக.

நம்பிக்கையுள்ள மனிதர். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். முன் டயர் பாறையில் ஏறியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கூண்டுக்குள் இருந்த ஐஸ் பெட்டி உருண்டது.  நிறுத்தச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பஸ்ஸை நிறுத்த என்ன சொல்வோமோ அதைச் சொன்னேன்.

"ஹோல்டான்! ஹோல்டான்!"

கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று நான் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். ஏதோ பெரிய இடி வரப்போகிறது, ஒரே மூச்சில் தாண்டிவிடலாம் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஆக்சிலேட்டரை மிதித்தார். கல்லில் ஓட்டுகிறவர்கள் கட்டைவிரலை ஸ்டியரிங்குக்குள் விடக் கூடாதாம். டயர் நழுவினால் ஸ்டியரிங் சடாரென்று சுழன்று விரலை முறித்துவிடுமாம். இருபது வருஷமாக விரலை வெளியே வைத்தே ஓட்டிய மனிதர், என் கூச்சலைக் கேட்டு அன்றைக்கு உள்ளே விட்டுப் பிடித்தார். டயர் நழுவியது. 'மளுக்' என்ற சத்தம் எனக்கு வெளியிலேயே கேட்டது.

ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு டேவின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிரெக் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பாதி வழியில், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"உன் பேப்பரை நேத்துதான் படிச்சு முடிச்சேன். திங்கட்கிழமை காலைல முதல் வேலையா கையெழுத்துப் போடறதா இருந்தேன்."

அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அந்த வண்டியில்தான் தெரிந்தது. வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் திங்கட்கிழமை காரியம் முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரி பூத்திலிருந்து சுமதியைக் கூப்பிட்டேன். கிரெக்குக்குக் கட்டைவிரல் முறிந்துவிட்டது, ஆறு வாரம் கட்டு என்றேன். அவள் அய்யோ என்று சொல்லவில்லை. எப்படி என்று கேட்கவில்லை.

"எந்தக் கைங்க?" என்றாள்.

"ரைட்" என்றேன்.



புதன்கிழமை கிரெக் இடது கையால் கையெழுத்துப் போட்டார். பல்லி ஓடியது மாதிரி இருந்தது. பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, விளக்கக் கடிதம் வேண்டும் என்றார் வக்கீல். கிரெக் ஒன்றையும் மறைக்காத ரகம். அவர் சொல்லச் சொல்ல நானே டைப் அடித்தேன். 'ஊழியர் ரைட் என்றார். நான் வலது பக்கம் திருப்பினேன். ஊழியர் ஹோல்ட் ஆன் என்றார். நான் பிடித்துக்கொண்டேன்.' என் முட்டாள்தனத்தை நானே எழுத்துப் பிழையில்லாமல் அடித்து, அமெரிக்க அரசாங்கத்துக்கு அனுப்பினேன்.

மூன்று வருஷம் கழித்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். எனக்குக் கால் ஆட்டம் நிற்கவில்லை. சிரித்தே பழக்கமில்லாத ஓர் அதிகாரியம்மா எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, சத்தியம் செய்ய வலது கையை உயர்த்தச் சொன்னார். நான் பதற்றத்தில் முழித்தேன். பக்கத்திலிருந்து சுமதி மெதுவாக, "எந்தக் கைங்க?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அடக்க அடக்கப் பீறிட்டது. அவளும் சேர்ந்துகொண்டாள். அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்து, என்ன வேடிக்கை என்று கேட்டார். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே, ஃபைலில் இருக்கும் கடிதத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"உங்கள் ஊரில் போவதற்கு ரைட் என்றால், வலது பக்கம் திரும்ப என்ன சொல்வீர்கள்?"

யோசித்துப் பார்த்தேன்.

"அதுக்கும் ரைட்டுதான் மேடம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஸ்டாம்ப்பை எடுத்துக் குத்தினார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்தக் கெட்ட சேதி வந்தாலும் முதல் கேள்வி, "எந்தக் கைங்க?" என்பதுதான். குழம்பு தீய்ந்தாலும் அதுதான், காரில் கீறல் விழுந்தாலும் அதுதான். இங்கேயே பிறந்த எங்கள் மகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். போன வருஷம் ஒரு நாள் ஆபீஸில் என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வேறு ஊரில் இருக்கும் அவளிடம் எப்படிச் சொல்வது என்று அறைக்குள் நடையாய் நடந்து, கடைசியில் போன் செய்து சொன்னேன்.  அவள் தானாக, தமிழில் கேட்டாள்.

"எந்தக் கை, அப்பா?"

"ரெண்டும் நல்லாத்தான் கண்ணு இருக்குது" என்றேன்.