சிம்ஹாவுக்கு ஒரு முழு நாற்காலி

நாகரிகத்தின் உச்சம் எது என்று யாராவது கேட்டால், ஜெருசலேமில் பிரதமர் வீட்டுக்கு எதிரே போட்டிருந்த கூடாரத்தைத்தான் கைகாட்ட வேண்டும். மற்ற தேசங்களில் ஒரு சிப்பாய் எதிரியிடம் பிடிபட்டால், உடனே மீட்கக் கிளம்பி நேரத்தை வீணாக்குவார்கள். எங்கள் தேசம் அப்படி அவசரப்படாது. மீட்கலாமா கூடாதா என்று முதலில் விவாதித்தது. இப்படி விவாதிப்பது சரியா என்று ஒரு சேனல் தனியாக விவாதித்தது.

பிடிபட்டவன் மலாக்கி. ரோஷ் ஹாயின் என்ற ஊரைச் சேர்ந்த சிம்ஹா டஹாரியின் ஒரே மகன். எல்லையில் காவல் நின்றவனை அந்தப் பக்கத்தார் தூக்கிக்கொண்டு போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவன் வேண்டுமானால் உங்கள் சிறைகளில் இருக்கும் எங்கள் ஆட்கள் சில நூறு பேரை விடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் கொலைகாரர்களும் இருந்தார்கள். ஆகவே கேள்வி கனமானது. அதைச் சுமக்க ஆள் போதாதென்று எல்லாச் சேனல்களும் ஓய்வுபெற்ற தளபதிகளைக் கூப்பிட்டுக்கொண்டன.

மலாக்கியை மீட்கக் கோரிப் போட்ட அந்தக் கூடாரத்தை நடத்தியவன் அமிதாய். விளம்பரத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவன், இந்தத் தாய்க்காகச் சம்பளமில்லாமல் 'தொண்டு' செய்ய வந்திருந்தான். இலவசமாக நாற்காலி தரும் தர்ம சங்கம் ஒன்றுக்கு அவன்தான் போன் போட்டான்.

"ஒரு குடும்பங்க. நாள் பூரா ஆளுங்க வருவாங்க, அழுவாங்க, சாப்பாடு கொண்டுவருவாங்க. எத்தனை நாற்காலி அனுப்புவீங்க?"

சங்கத்துக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "கடவுள் ஆறுதல் தரட்டும்" என்று சொல்லி, துக்க வீடுகளுக்கு அனுப்பும் சாமானை அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டார். விசாரிக்க வருகிறவர்களுக்கு வழக்கமான வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். வீட்டாருக்கு, ஏழு நாள் துக்கம் காப்பவர்கள் தரையை ஒட்டி உட்காரும் கால் வெட்டிய குட்டை நாற்காலிகள்.

உயரமான நாற்காலிகளை நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிடித்துக்கொண்டார்கள். மிச்சத்தை நிருபர்களும், அனுதாபம் தெரிவிக்க வந்த பாடகர்களும் பிடித்தார்கள். பெற்றவளுக்கு மிஞ்சியது குட்டை நாற்காலி.

சிம்ஹா அதைப் பார்த்தாள். கணவர் ஸெகர்யா போனபோது அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். பிள்ளை உயிரோடிருக்கும்போது அதில் உட்காருவாளா? ஏன் உட்காரவில்லை என்று சொல்லவும் வழியில்லை. கெட்டதை வாயால் சொன்னால் சாத்தானுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி என்று கேட்டு வளர்ந்தவள். எனவே நின்றாள். வந்தவர்கள் கொண்டுவந்த கேக்கையும் சூப்பையும் வந்தவர்களே சாப்பிட, அவள் நின்றுகொண்டே பரிமாறினாள்.

"அமிதாய், எனக்கு வேற நாற்காலி ஒண்ணு வேணும்பா."

"எதுக்கு சிம்ஹா? நீங்க நிக்கறது பிரமாதமா எடுபட்டிருக்கு! எல்லாப் பத்திரிகையிலயும் முதல் பக்கம்!"

"கால் வலிக்குது."

"அடடா, அதைக் கேமராவப் பார்த்துச் சொல்லுங்க. ஆனா தயவுசெஞ்சு உக்காந்துடாதீங்க."

மறுநாளே 'நிற்கும் தாய்' என்று கார்களின் பின்பக்கம் ஸ்டிக்கர் வந்துவிட்டது. ஒரு தாய் நிற்பது அரசாங்கத்தை மிரட்டுவதாகும் என்று கைதிகளை விடக்கூடாதென்ற எதிரணி அறிக்கை விட்டது. கிடி ரவ்னிட்ஸ்கி என்ற புகழ்பெற்ற நெறியாளர், தன் நிகழ்ச்சியில் ஒரு தளபதியிடம் இதைப் பணிவோடு கேட்டார்.

"ராணுவக் கண்ணோட்டத்துல இதை எப்படிப் பார்க்கறீங்க?"

"ஒருத்தர் நிக்கறார்னா, ஒண்ணு தாக்கப் போறார், இல்லே பின்வாங்கப் போறார்."

"சிம்ஹா எந்த வகை?"

"மூணாவது ஒண்ணும் இருக்கு. அது ரகசியம்."

தேசம் நிம்மதியாகத் தூங்கப் போனது.

சாலைக்கு அந்தப் பக்கம், கைதிகளை விடக்கூடாது என்பவர்களின் கூடாரம் இருந்தது. அதில் தினமும் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தவர் அஃபூலாவிலிருந்து வந்த கெதலியா. அவருடைய மகள் பஸ்ஸில் வெடித்த குண்டில் செத்துப்போனாள். குண்டை அனுப்பியவன் பெயர் பட்டியலில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் இந்த இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி நேரலையில் மோதவிடுவது என்று கிடி முடிவு செய்தார். கெதலியாவை வேறொரு சேனல் ஏற்கெனவே பேசி வைத்திருந்தது. விடுவாரா கிடி? மூன்று பேராசிரியர்களையும் ஒரு தளபதியையும் அந்தச் சேனலுக்குக் கொடுத்து, பதிலுக்குக் கெதலியாவை வாங்கிக்கொண்டார். அந்தப் பரிமாற்றம் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதில் கொள்கைச் சிக்கல் எதுவும் எழவில்லை.

கேமராக்கள் உருள, கெதலியா சாலையைக் கடந்து வந்தார். நின்றிருந்த சிம்ஹாவைப் பார்த்தார். அவள் பின்னால் இருந்த குட்டை நாற்காலியைப் பார்த்தார். வந்த வழியே திரும்பி நடந்தார்.

"வெளிநடப்பு! நேயர்களே, வெளிநடப்பு!" என்று கிடி பூரித்துப் போனார்.

வெளிநடப்பில்லை. கெதலியா தன் கூடாரத்திலிருந்து நாலு கால்களும் முழுசாக இருந்த ஒரு வெள்ளை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் முன்னால் போட்டார்.

"உக்காருங்க சிம்ஹா."

சிம்ஹா உட்கார்ந்தாள். அத்தனை நாள் கேமராக்களுக்குக் கிடைக்காத அழுகை அப்போது வந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லலையே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தக் குட்டை நாற்காலியில நான் ஏழு நாள் உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியாதா?"

கிடி ஒலிவாங்கியை நடுவில் நுழைத்தார். "கெதலியா, அப்போ நீங்க கட்சி மாறிட்டீங்க?"

"இல்லே. குண்டை அனுப்பின அந்த ஆள் வெளிய வரக்கூடாது. நாளைக்கும் இதேதான் சொல்வேன்."

"அப்புறம் எதுக்கு நாற்காலி?"

"அவங்க பையன் உயிரோட இருக்கான். அந்தம்மா எதுக்குத் துக்க நாற்காலியில உக்காரணும்?"

"இது விவாதத்துக்கு உதவாதே ஐயா! கொஞ்சம் கத்துங்களேன். சிம்ஹா, நீங்களாவது அவரை ஏதாவது சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? செத்தது என் பொண்ணா இருந்தா நானும் அவர் கூடாரத்துலதான் இருப்பேன்."

இப்படி ஒரு அநாகரிகம் நேரலையில் நடந்தால் பொறுப்புள்ள நெறியாளர் என்ன செய்வார்? கிடி விளம்பர இடைவேளைக்குப் போனார்.

இடைவேளை முடிவதற்குள் எதிரே பிரதமர் வீட்டிலிருந்து செய்தித் தொடர்பாளர் வெளியே வந்து ஒரு அறிவிப்பைப் படித்தார். வீரனின் தாயார் அமர்ந்துவிட்டதை அமைச்சரவை நிறைவோடு கவனித்தது என்றும், நெருக்கடி தணிந்துவிட்டதால் முடிவெடுப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்து விவாதத்தைத் தொடரும் என்றும் அதில் இருந்தது. இது எத்தனையாவது அடுத்த வாரம் என்று அறிவிப்பில் இல்லை.

அமிதாய் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், உக்காராதீங்கன்னு!"

சிம்ஹா எழுந்தாள். பின்னால் திரும்பி இரண்டு குட்டை நாற்காலிகளைக் கையில் எடுத்தாள். மூன்றாவதை எடுக்க முடியவில்லை.

"குடுங்க, நான் தூக்கறேன்," என்றார் கெதலியா.

"நான் எதுக்குப் போறேன்னு தெரியுமா?"

"தெரியும். நீங்க கேக்கறதை நான் எதிர்க்கறேன். நாற்காலியைக் குடுங்க."

இருவரும் பிரதமர் வீட்டு வாசலுக்குப் போய்க் குட்டை நாற்காலிகளை வரிசையாக வைத்தார்கள். காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு மலாக்கி வயதுதான் இருக்கும். கருவியால் ஒவ்வொரு நாற்காலியையும் தடவிச் சோதித்தான். பிறகு அது என்ன நாற்காலி என்று அவனுக்குப் புரிந்தது.

"யாரும்மா செத்துட்டாங்க?"

"யாரும் இல்லே."

"அப்புறம் இதை ஏன் இங்க வைக்கறீங்க?"

"தப்பா எனக்கு வந்துடுச்சுப்பா. சங்கத்துக்காரர் தெரியாம அனுப்பிட்டார். உள்ள இருக்கறவங்க, முடிவைத் தள்ளித் தள்ளி, தெரிஞ்சே வாராவாரம் அனுப்பறாங்க. எனக்கு வேண்டாம்னு சொல்லு. அவங்களே வெச்சுக்கட்டும்."

அன்று மாலை எல்லாச் சேனல்களிலும் தேசம் மறுபடி கூடியது. பிரதமர் வாசலில் துக்க நாற்காலி வைத்தது பண்பாடா, பண்பாட்டுக் குறைவா என்று ஆழ்ந்து விவாதித்தது. ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. பேசியவர்கள் அத்தனை பேருக்கும் நல்ல உயரமான நாற்காலி கிடைத்திருந்தது. மலாக்கி இந்நேரம் எதன்மேல் உட்கார்ந்திருப்பான் என்ற கேள்வி மட்டும், நேரமின்மை காரணமாக, எடுத்துக்கொள்ளப்படவில்லை.