கிருமி அண்ணாவும் பாயசமும்

பாயசத் தூக்கைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்ளும் ஜனங்கள் உலகத்திலேயே வலியசாலை அக்ரஹாரத்தில் மட்டும்தான் உண்டு. அதற்கு முழுப் பொறுப்பு கிருமி அண்ணா.

அவர் விஞ்ஞானி. தொற்றுநோய், நோய் எதிர்ப்புச் சக்தி, மாற்று உறுப்பு ஆகிய மூன்றும் சந்திக்கிற முச்சந்தியில் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காகக் கட்டுரைகள் எழுதித் தள்ளினார். ஒவ்வொன்றும் வெளியானதும் வீடு வீடாகப் பால் பாயசம் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் போகமாட்டார் என்பதுதான் சிக்கல். கட்டுரையை முதலிலிருந்து விளக்குவார். பாயசத்தில் ஆடை கட்டும்போது நாங்கள் எலியின் மண்ணீரலைத்தான் எட்டியிருப்போம். அவருடைய ஆராய்ச்சியின் வேகத்தைத் துல்லியமாக அறிந்தவர்கள் எங்கள் தெருவின் சர்க்கரை நோயாளிகள்.

நானும் கதவைச் சாத்தியவன்தான், என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்யும் வரைக்கும். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் ஆபீஸில் இருக்கும் என் அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். சின்ன வயதில் பென்சில்கூடத் தராதவள். ஆபரேஷன் முடிந்து நான் வீடு வந்தபோது, வாசலில் நாற்காலி போட்டுக் கிருமி அண்ணா உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் சோப்பு, மறுகையில் குடை.

"இதென்ன அண்ணா?" என்றாள் என் மனைவி ஜெயா.

"அக்காவோட சிறுநீரகத்தை அந்நியன்னு நெனச்சு இவன் உடம்பு அடிச்சு விரட்டும். அதுக்காக மாத்திரை குடுத்து உள்ள இருக்கற வாட்ச்மேனைத் தூங்கப் பண்ணியிருக்கா. அவன் தூங்கறச்சே எந்தக் கிருமியும் தாராளமா உள்ள வரலாம். சின்ன ஜலதோஷம் போறும், உசுருக்கே ஆபத்து. அப்போ வெளியில ஒரு வாட்ச்மேன் வேணும், கேட்டியோ? லீவு போட்டாச்சு."

எங்கள் தெருவில் நோயாளியைப் பார்ப்பது என்றால் குடும்பத்தோடு வந்து, கட்டிலிலேயே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் எதையாவது போட்டுவிட்டுப் போவது. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுப் பட்டு மாமி. கையில் மூக்கு வைத்த பித்தளைக் கிண்டி நிறையக் கோயில் தீர்த்தம்.

"ஏண்டா, என்னைப் பாத்தாக் கிருமி மாதிரியா இருக்கு?"

"பாத்தாத் தெரியாது மாமி. அதாக்கும் கஷ்டம்."

"இது பகவானோட தீர்த்தம்டா!"

"பகவான்மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கிண்டியை யாரு கழுவினா?"

மாமி தீர்த்தத்தை அவர் தலையிலேயே தெளித்துவிட்டுப் போனாள். அதன்பின் பூமாலை, திராட்சை, நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் ஆசிரியர் எல்லோரும் வாசலோடு திரும்பினார்கள். இருமியவர்களைக் குடையால் தெருமுனைவரை வழியனுப்பினார்.

ஒருநாள் காலை, மறுபடி வந்த மாமியை விசாரித்துக்கொண்டிருக்கும்போது அவரே தும்மினார்.

தெரு ஸ்தம்பித்தது.

"இப்போ யாரைடா விரட்டப்போறே?" என்றாள் மாமி. ஆனந்தத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

கிருமி அண்ணா எழுந்து பத்தடி பின்னால் போய் நின்றார். "புது சோப்பு ஜெயாகிட்ட இருக்கு மாமி. நாற்காலியைத் துடைச்சுட்டு உக்காருங்கோ. இனிமே நீங்கதான்." குடையை விரித்துக்கொண்டு, எதிரே இருந்த தன் வீட்டு மாடிக்குத் தன்னைத்தானே நாடு கடத்திக்கொண்டார்.

மாமி அவரைவிடக் கண்டிப்பு. என் அக்காவையே முழங்கைவரை கழுவவைத்தாள். "விரலிடுக்கு மாமி, விரலிடுக்கு!" என்று மாடி ஜன்னலிலிருந்து குரல் வரும்.

அந்த நாடு கடத்தலின்போதுதான் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அக்காவின் சிறுநீரகம் என் உடம்பில் சண்டை சச்சரவின்றிக் குடியேறிவிட்டதாம். அக்காவும் நானும் ஒரே வீட்டில் அவ்வளவு சுமுகமாக இருந்ததே இல்லை.

ஜெயா இதைச் சொல்ல அவருக்குப் போன் செய்தாள். "நன்னாருக்கட்டும்," என்றார். பிறகு, போகிறபோக்கில், "என்னோட கட்டுரையும் இன்னிக்கு வந்துடுத்து. மாற்று உறுப்பு வெச்சவாளுக்கு வர தொற்றைப் பத்தி. ஜலதோஷக் கையால பாயசம் கூடாது, அல்லே?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் எல்லாக் கதவுகளும் நிம்மதியாகத் திறந்து கிடந்தன. எதிர் மாடியில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு அவர் நின்றிருந்தார்.

போனை வாங்கினேன். "அண்ணா, கட்டுரையை முதல்லேர்ந்து சொல்லுங்கோ."

"நெஜமாவா? நீளமாக்கும்."

"நான் எங்க ஓடப்போறேன்? மாமி விடமாட்டா."

ஆரம்பித்தார். எலியின் மண்ணீரல் வந்தபோது எனக்குக் கண் சொக்கியது. தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குள் ஒரு வாட்ச்மேன் தூங்குவது போதும்.