உங்கள் மீன் நலம், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை சிராஜுக்கு, காளவாசலிலிருந்து மாமனார் சுலைமான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் மாமியும் நலம். முக்கியமாக, உங்கள் மீன் நலம்.

அதை முதலிலேயே எழுதிவிட்டேன், நீங்கள் பதறக் கூடாது என்று. நான் பதறியது போதும். போன வாரம் காட்டு ஓடையிலிருந்து பிடித்த கெளுத்தியை வாளியோடு என்னிடம் கொடுத்து, "மீனுக்கு ஏதும் ஆச்சுன்னா என் மூணு வருச ஆராய்ச்சியும் போச்சு மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடி காட்டுக்குப் போய்விட்டீர்கள். காற்றடிக்கும் மோட்டார் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டபடி வாளியைக் கட்டிக்கொண்டே கிடந்தேன். இன்று ஜும்ஆ முடிந்து வந்தால் வீட்டில் ஆளில்லை, உங்கள் மாமி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அடுப்பில் மீன் குழம்பு. பசியில் இரண்டு தட்டு சாப்பிட்டேன். மாங்காய் போட்ட குழம்பு, சின்னச் சின்ன மீன், ருசியோ ருசி. கை கழுவும்போதுதான், நாம் இன்று மீனே வாங்கவில்லையே என்று உறைத்தது. பொண்ணு வாழ்க்கை போச்சே என்று ஈரக் கையோடு கொல்லைக்கு ஓடினேன். உங்கள் மீன், வெள்ளம் இழுக்காமல் பாறையில் நெஞ்சால் ஒட்டிக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னபடியே, வாளிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மீசையை ஆட்டியது! அழுதேவிட்டேன், அந்தக் கண்ணீரில் வாளிக்குள் வேறு எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. குழம்பு பக்கத்து வீட்டு ஷாஹீதா கொடுத்ததாக இருக்கும். அவள் நல்லா இருக்கணும்.

போனில் சொல்லலாம் என்றால் அங்கே டவர் எடுக்காது. உங்கள் முகாமுக்கு அரிசி ஏற்றிப் போகும் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நிம்மதியாக ஓடையில் இறங்குங்கள். அங்கே உங்களோடிருக்கும் என் மகள் ருமானாவுக்கு சலாமும் துஆவும்.

இப்படிக்கு,
சுலைமான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மாமி வந்துவிட்டாள். ஷாஹீதாவுக்கு நன்றி சொன்னாயா என்று கேட்டேன். "அவ எதுக்கு? மாப்ள நமக்குன்னு காட்டுலருந்து ஆறு கெளுத்தி கொண்டாந்துருக்காருல்ல? உப்பு போட்டு ஒரசி நாந்தேன் கொழம்பு வச்சேன். அந்த ஒண்ணு மட்டும் வாளியில ஒட்டிக்கிட்டு எம்புட்டு இழுத்தும் வரல, பாவம்னு விட்டுட்டேன்" என்கிறாள். எனக்கு முன்பே தெரியாது என்பதற்கு அல்லாஹ்வே சாட்சி. இரண்டாம் தட்டுக்கும் அவனே சாட்சி.