இருபத்தைந்து எழுத்துத் திருட்டு

"இந்த எண் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது" என்றது திரை. காமராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். திரை பேச்சை மாற்றவில்லை.

"நம்மகிட்ட வேற கம்ப்யூட்டரே கிடையாதேலே?"

"அதான் அண்ணாச்சி எனக்கும் புரியல" என்றான் மெக்கானிக் சிவபாண்டி. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியில் ஒட்டியிருந்த விண்டோஸ் எண் ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் பார்த்து, இருபத்தைந்து எழுத்தையும் திரும்ப வாசித்தான். காமராஜ் திரும்ப அடித்தார். திரும்ப அதே பதில்.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் அவருடையது. அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனி ஒன்று இந்த சீசனுக்குப் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தது. போன வருடம் ஏதோ ஒரு பிரஸ்ஸில் வைரஸ் புகுந்து சரவெடி டிசைன்களைத் தின்றுவிட்டதால், இந்த முறை ஒரு நிபந்தனை. கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஓட வேண்டும், அதுவும் ஒரிஜினலாக. நாளைக் காலை ஆள் வந்து பார்ப்பார்.

பழைய விண்டோஸைக் காசு கொடுத்து வாங்கியவர் அதன் எண்ணைக் கொடுத்தால் போதும், புதியதற்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம் என்று சிவபாண்டி சொல்லியிருந்தான். காமராஜுக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

"காசு குடுத்தவன் நானு. எனக்கே இல்லைங்குதே?"

"லைசென்ஸ் உங்களுக்கு இல்ல அண்ணாச்சி, பெட்டிக்கு. மொத வாட்டி நம்பரப் போட்டப்பவே, உள்ள இருக்குற போர்டையும் நம்பரையும் அவுக ஆபீஸ்ல ஜோடியாப் பதிஞ்சுக்கிடுவாக. தாலி கட்டுன மாதிரி. பெறகு அந்த நம்பரு வேற போர்டோட குடித்தனம் நடத்தாது."

"இது நடத்தியிருக்கேலே."

சிவபாண்டி டார்ச்சை அணைத்தான்.

ஒருவேளை அது B இல்லை, 8 ஆக இருக்குமோ என்று காமராஜுக்குத் தோன்றியது. 8 போட்டார். G-யை 6 ஆக்கினார். நாலைந்து தரம் இப்படி ஆனதும், இதற்கு மேல் போன் பண்ணித்தான் பேச வேண்டும் என்று திரை சொல்லிவிட்டது.

போனில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். "சார், இந்த நம்பர் இன்னொரு போர்டோட பதிவாகியிருக்கு. அந்தக் கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"அது தெரிஞ்சா உன்னய எதுக்கும்மா கூப்புடுறேன்?"

"இந்த நம்பர் வேற யாருக்காவது தெரியுமா சார்?"

காமராஜின் பார்வை ஜன்னல் வழியாக மதில்சுவருக்குப் போனது. போனை வைத்துவிட்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பி மணிகண்டராஜின் பிரஸ். மூன்று வருடத்துக்கு முன் பாகம் பிரித்தபோது ஆளுக்கொரு அச்சு மெஷின், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாதிரியான பெட்டிகள். சுவரை மட்டும் பொதுச் செலவில் கட்டினார்கள். அதிலிருந்து பேச்சு இல்லை.

"பிரிக்குறதுக்கு முந்தியே நம்பர எழுதி வச்சுக்கிட்டான்லே, களவாணிப் பய! போயிக் கேட்டுட்டு வா."

சிவபாண்டி போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அங்கயும் அதே கம்பெனி ஆர்டர்தான் அண்ணாச்சி. அங்கயும் திரையில இதே பதில்தான் நிக்குது. நீங்கதான் அவுக நம்பரத் திருடிட்டீகளாம்."

"நானா?"

"சின்னதுலயே உங்களுக்குக் கை நீளமாம். பம்பரம் ஒண்ணு காணாமப் போச்சாம்."

"அது என் பம்பரம்லே!" காமராஜ் மதிலோரம் ஓடினார். "ஏலே மணி! நம்பரத் திருடுனதும் இல்லாம பம்பரத்தையுமா சொல்லுத?"

மூன்று வருடத்தில் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

"திருடுனது நீரு!" என்றது மதில்.

இரண்டு பக்கமும் அச்சு மெஷின்கள் நின்றன. வேலையாட்கள் வசதியான இடம் பார்த்து நின்றுகொண்டார்கள்.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேம்லே!"

"நானும் வாரேன். எதுக்கு ரெண்டு ஆட்டோ, ஒண்ணுலயே போவோம்!"

காமராஜ் உள்ளே வந்து, ஸ்டேஷனுக்குத் தகுந்த வெள்ளைச் சட்டையை மாட்டினார். நம்பரின் சாட்சியாக மூடியையும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசலில் அவர் மனைவி செல்லக்கனி வழி மறித்தாள். அவள் கையிலும் அதே மாதிரி ஒரு மூடி இருந்தது. பின்னால், மதிலுக்கு மேலே, தம்பி மனைவி சொர்ணலட்சுமியின் தலை மட்டும் தெரிந்தது.

"ஒண்ணா இருந்தப்ப ஆயுத பூசைக்கு நானும் சொர்ணமும் ரெண்டு மூடியவும் கழட்டிக் கழுவிக் காயப்போட்டு, எது எதுக்குன்னு பாக்காம மாட்டிட்டோம், இந்தாங்க, இதுல உள்ள நம்பர இங்கன போடுங்க, உங்க கையில இருக்குறத அங்கன குடுங்க."